சொல் பேச்சு கேட்காத கை

"மூணுல வைன்னா ஒண்ணுல வைக்குது சார்," என்றான் பேக்கப் தம்பி போனில்.

அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். கம்பெனியின் கோப்புகளை டேப்பில் நகலெடுத்து வைப்பது அவன் வேலை. அன்று அவன் முன்னால் ஆளுயரத்தில் புது இயந்திரம் ஒன்று நின்றது. கண்ணாடிக் கதவுக்குள் அடுக்கடுக்காக டேப்புகள், கீழே நான்கு டிரைவுகள், நடுவே ஏறி இறங்கும் ஒரு ரோபோ கை. கம்ப்யூட்டரில் எந்த டிரைவைச் சொல்கிறானோ, கை அதில் டேப்பைச் செருக வேண்டும். அவ்வளவுதான்.

"ஒரு டேப்பாவது சொன்ன எடத்துல போய் உக்காரணும். அதுவரைக்கும் நீ எங்கயும் நகரக் கூடாது," என்று மேனேஜர் போனை வைத்தார்.

உடனே மனைவி அழைத்தாள். அம்மா வீட்டிலிருந்து ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

"ஸ்டேஷனுக்கு வருவீங்கதானே?"

"ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு. வராம இருப்பேனா?"

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. நான் நின்ன நிப்பப் பாத்து போர்ட்டரே பரிதாபப்பட்டாரு. இந்தத் தடவை பிளாட்பாரத்துல உங்க மொகம் தெரியலேன்னா எறங்கவே மாட்டேன். ரயில் எங்க போகுதோ அங்க போயிடுவேன்."

போய்விடக் கூடியவள்தான்.

அவன் திரையைப் பார்த்தான். 'மூன்றாவது டிரைவில் டேப் தயார்' என்றது. கண்ணாடியைப் பார்த்தான். டேப் ஒன்றாவதில் இருந்தது. திரை புளுகுகிறது என்று முடிவு செய்து, மென்பொருளில் ஒன்றையும் மூன்றையும் இடம் மாற்றினான். இப்போது கை நான்காவதில் வைத்தது. திரையோ 'டேப்பைக் காணவில்லை' என்று கைவிரித்தது.

வரிசையைத் தலைகீழாக்கினான். கை ஒரு டேப்பை எடுத்தது, பாதி வழியில் நின்றது, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டது.

எல்லாவற்றையும் அழித்து, டிரைவுகளைப் புதிதாகத் தேடச் சொன்னான். இரண்டுதான் இருக்கின்றன என்றது திரை. அவன் கண்ணாடியில் விரல் வைத்து எண்ணினான். நான்கு.

"என்ன தம்பி, அதுகூட மல்லுக்கட்டறே?" என்றார் ஏணிமேல் நின்றிருந்த ஏசி மெக்கானிக்.

"சொன்னதக் கேக்க மாட்டேங்குதுண்ணே."

"எங்க வீட்லயும் அப்படித்தான். நான் சொல்றத நிறுத்திட்டேன். போய் ஒரு வாய் தண்ணி குடி."

குடித்துவிட்டு வந்தபோது, யாரும் சொல்லாமலே கை டிரைவுகளைக் காலி செய்துவிட்டு நடமாடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஏதாவது தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடறேன்? அதுவா உலாத்துது. சரி, பக்கத்து ரூம்லயும் குளிரு பத்தலையாம், பாத்துட்டு வரேன்."

நீல விளக்கொளியில் கை மெல்ல ஏறியது, தயங்கியது, இறங்கியது. மீன்தொட்டிக்குள் தனியாகச் சுற்றும் மீன் போல இருந்தது. கோளாறான இயந்திரம் இப்படித் தயங்காது என்று தோன்றியது அவனுக்கு. ஏதோ யோசனை, ஏதோ கவலை அதற்கு. அதுவும் யாரையோ அழைத்துவரப் போக வேண்டுமோ என்னவோ. கோபமெல்லாம் வடிந்து, அவன் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்திருந்தான்.

போன் அதிர்ந்தது.

"ஏங்க, அடுத்த ஸ்டேஷன் நம்மளுது. பிளாட்பாரத்துலதானே இருக்கீங்க?"

"ம்... கிட்டத்தட்ட."

"ஏன் அங்க சத்தமே இல்ல?"

லைன் கட்டானது.

அவன் செய்த மாற்றங்களையெல்லாம் நீக்கி, காலையில் இருந்த அமைப்புக்கே திரும்பினான். கண்ணை மூடிக்கொண்டு, நான்கு டிரைவுகளிலும் வரிசையாக டேப் வைக்க ஆணையிட்டான்.

கண்ணைத் திறந்தான். 'நான்கிலும் டேப் தயார்' என்றது திரை. கண்ணாடிக்குள் கை இருந்த இடத்தைவிட்டு இம்மிகூட அசையவில்லை. நான்கு டிரைவுகளும் வாய் திறந்தபடி காலியாகக் கிடந்தன. தூரத்தில் ரயில் கூவியது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஏசி மெக்கானிக் சிரித்தபடி உள்ளே வந்தார்.

"பக்கத்து ரூம்ல ஒரு பொண்ணு பாவம் தம்பி, ஒரு பட்டனையும் தொடாம கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு, அதுகிட்ட இருக்கற இதே மாதிரி மெஷின் என்னடான்னா நாலு டிரைவுலயும் வரிசையா டேப்ப சொருகித் தள்ளுது!"