முதல் பக்கத்தில் மாமனார்

அன்பும் அறிவும் கம்ப்யூட்டர் ஞானமும் ஒருசேர வாய்க்கப்பெற்ற மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் அக்கா நலம், நம் கண்ணாடிக் கடை நலம். உங்கள் அப்பாவும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை படித்துவிட்டு மேலே செல்லவும். உங்கள் அப்பா உயிரோடு இருக்கிறார். இன்று காலையில்கூட டீயில் சர்க்கரை குறைவு என்று என்னைக் கடிந்துகொண்டார். வேறு எங்காவது வேறு மாதிரி படித்திருந்தீர்கள் என்றால் அதை எழுதியவன் நான்தான், ஆனால் நான் அப்படி எழுதவில்லை. விளக்கமாகச் சொல்கிறேன், பதறாமல் படிக்கவும். பதறுகிற வேலையை இங்கே நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன்.

கண் அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் மாமா என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, எதிர்க்கடைக்காரன்கூட வெப்சைட் வச்சுட்டான். நமக்கும் ஒண்ணு போடுங்க. ஆனா முதல் பக்கத்துல, எல்லாத்துக்கும் மேல, என் படம் இருக்கணும். கட்டு பிரிச்சதும் முதல்ல அதைத்தான் பார்ப்பேன். நல்லா இருந்துச்சுன்னா அந்த நாற்காலியில நீங்க உட்காருங்க" என்றார். எந்த நாற்காலி என்று உங்களுக்குத் தெரியும். கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சுழல் நாற்காலி. கல்யாணமான நாள்முதல் நான் அந்தக் கடையில் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். வருகிறவர்களை உட்காரவைத்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, மூக்கில் ஃபிரேமை மாட்டி, காதோரம் வளைத்து, எல்லாம் நின்றபடியேதான். "உட்காருங்க" என்று மாமா என்னைப் பார்த்துச் சொன்னது அதுவே முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்ணுல தண்ணி வந்தா பவர் மாறியிருக்கும், டெஸ்ட் பண்ணிக்குங்க" என்றார் மாமா.

உடனே உங்களுக்குப் போன் செய்தேன். நீங்களும் தட்டாமல், "அத்தான், இதுக்கெல்லாம் ஆள் தேடாதீங்க. பிளாக் எழுதுற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, அதுலயே வெப்சைட் கட்டிரலாம், பத்து நிமிஷ வேலை" என்று சொல்லி, உங்கள் பெயரில் கணக்கைத் திறந்து, எனக்கு எழுதுகிற உரிமையை மட்டும் கொடுத்துவிட்டு, ஏதோ மீட்டிங் என்று போய்விட்டீர்கள். அந்தப் பத்து நிமிஷம் இங்கே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உள்ளே போனால் எனக்கு முன்பே யாரோ "உலகே வணக்கம்" என்று எழுதிவைத்திருந்தார்கள். பாவம், மரியாதையாகச் சொல்லியிருக்கிறார், கடைக்கு வந்தவருடைய வணக்கத்தை அழிப்பானேன் என்று பதிலுக்கு "வணக்கம், வாங்க, என்ன பவர் வேணும்?" என்று போட்டேன். அது அந்த சாஃப்ட்வேரே எல்லாருக்கும் தானாக எழுதிவைக்கிற மாதிரிப் பதிவு என்று பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர் சொன்னபிறகுதான் தெரிந்தது. சரி, போகட்டும். வடிவமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடு என்றது. பளபளவென்று இல்லாமல் கொஞ்சம் கௌரவமாக இருக்கட்டும் என்று கறுப்புக் கரை போட்ட ஒன்றை எடுத்தேன். அது எந்தப் படத்தைப் போட்டாலும் கறுப்பு வெள்ளையாக்கிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? மாமாவின் நல்ல படமாக ஒன்றைப் போட்டு, மேலே கடை தொடங்கிய தேதியைப் போட்டேன். கீழே அன்றைய தேதியை அதுவாகவே போட்டுக்கொண்டது. படத்துக்குத் தலைப்பு ஒன்று வேண்டுமே என்று நெடுநேரம் யோசித்து, தொழிலுக்குப் பொருத்தமாக, "எங்கள் கண்ணான நிறுவனர். அவர் காட்டிய பார்வையில் எங்கள் பயணம் தொடரும்" என்று எழுதினேன். எழுதியபோது எனக்கே பெருமையாக இருந்தது. மச்சான், இப்போது அந்த வரியை நிதானமாக ஒரு தரம் படித்துப் பாருங்கள்.

அத்தோடு விட்டதா? அடுத்து ஃபிரேம் படங்களைப் போட்டேன், மாமா கீழே போய்விட்டார். கடை நேரத்தைப் போட்டேன், மாமா இன்னும் கீழே. இந்த பிளாக்கில் கடைசியாக வந்ததுதான் முதலில் நிற்குமாம், இது என்ன நியாயமோ. ஒரு பதிவை மேலேயே நிறுத்திவைக்க ஏதோ ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது, அதில் டிக் போட வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள், நானும் "ம், ம்" என்று கேட்டுக்கொண்டேன். தேடினேன், பெட்டி கிடைக்கவில்லை. மாமா சொன்ன சொல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, எல்லாத்துக்கும் மேல, எல்லாத்துக்கும் மேல என்று. அதனால் என்ன செய்தேன், தினமும் காலையில் கடையைத் திறந்ததும் தண்ணீர் தெளிக்கிற மாதிரி மாமா படத்தைப் புதிதாக ஒரு தரம் வெளியிட்டுவிடுவேன். மாமாவும் ஜம்மென்று மேலே வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஆனால் கண் பரிசோதனைக்கு ஞாபகப்படுத்த வாங்கிவைத்த மெயில் முகவரிகளையெல்லாம் நீங்கள் சொன்னபடி சந்தாதாரர் பட்டியலில் கொட்டியிருந்தேன் அல்லவா? ஒவ்வொரு பதிவும் அத்தனை பேருக்கும் தானாகப் போயிருக்கிறது. தினம் காலையில் கண் விழித்தால் கறுப்புக் கரைக்குள் மாமா. நம்ம வாடிக்கையாளர்கள் என்ன நினைப்பார்கள்? நினைத்ததைக் கமெண்டில் எழுதினார்கள். நான் அதைப் படித்தேனா என்றால், அதுதான் இல்லை. கடையில் நமக்கு ஒரு வழக்கம் உண்டே, யார் என்ன கேட்டாலும் அன்றைக்கே பதில் சொல்லிவிட வேண்டும் என்று. கூட்ட நேரத்தில் மொத்தமாக எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை ஒட்டிவிட்டேன். "செய்தி கேட்டு நெஞ்சு உடைந்துவிட்டது" என்று ஒருத்தர் எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நான், "மிக்க நன்றி, உடைந்ததைக் கொண்டுவாருங்கள், இலவசமாகச் சரிசெய்து தரப்படும்." இதைப் படித்தபிறகு எனக்கு மூன்று வேளையும் சோறு இறங்கவில்லை.

விஷயம் எப்படித் தெரிந்தது தெரியுமா? லென்ஸ் தேய்க்கிறவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "முதலாளி எப்போ தவறினாரு? எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?" என்றார். "யோவ், காலையில அவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்ததே நீர்தானே" என்றேன். "அதான் எனக்கும் குழப்பமா இருக்கு" என்கிறார்.

சரி, மறுப்பு போடுவோம் என்று இறங்கினேன். நல்ல காரியம் எழுதுகிற இடத்தில் இறந்தார் என்கிற சொல்லே வேண்டாம் என்று பார்த்துப் பார்த்து, "எங்கள் நிறுவனர் எங்கும் போய்விடவில்லை. எப்போதும் நம்மோடுதான் இருக்கிறார்" என்று போட்டேன். அவ்வளவுதான். "ஆமாம், நம் எல்லோர் நெஞ்சிலும் இருப்பார்" என்று புதிதாக ஒரு கூட்டம் அழ ஆரம்பித்துவிட்டது. பேச்சு எதற்கு, படமே காட்டிவிடுவோம் என்று மாடிக்குப் போய் அன்றைக்கு எடுத்த படத்தைப் போட்டேன். மத்தியானத் தூக்கம், வெள்ளைப் போர்வை, கண்ணில் கட்டு. அதுவும் கறுப்பு வெள்ளையில். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். அதோடு இனி ஒரு பொத்தானையும் தொடுவதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டேன்.

இதெல்லாம் பரவாயில்லை மச்சான், நேற்று எதிர்க்கடைக்காரரே வந்துட்டார். போர்டு மறைக்குதுன்னு மாமாகூட எத்தனை வருஷமா சண்டை போட்டவர், கையில வெள்ளைப் பூவோட வந்து அந்த நாற்காலிக்கு முன்னாடி நிக்கிறார். "இனிமே நான் யார்கூடச் சண்டை போடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்த்தால் நம்ம கடையில் செய்த கண்ணாடி. காதோர வளைவு என் கை வளைவு, எனக்குத் தெரியாதா? ஆள் விட்டு வாங்கியிருக்கிறார் மனுஷன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சரியாக அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து மாமா, "மாப்பிள்ளை, டீ" என்று குரல் கொடுத்தார். எதிர்க்கடைக்காரர் என்னைப் பார்த்தார். "டிவி" என்றேன். "அவர் குரல் மாதிரியே இருக்கு" என்று இன்னும் அழுதுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை கட்டு பிரிக்கிறாங்க. இன்னொரு கண்ணு ஏற்கெனவே மங்கல்ங்கறதால இதுவரைக்கும் போன் பக்கம் அவர் போகலை. உன் அக்காவுக்கும் எதுவும் தெரியாது, அதனாலதான் போன் பண்ணாம எழுதுறேன், அவ எப்பவும் பக்கத்துலயே இருக்கா. கண்ணைத் திறந்ததும் அவர் பார்க்கப்போற முதல் காட்சி அவருக்கே அஞ்சலி. அப்புறம் நாற்காலி எங்கே, கடைக்குள்ள நிக்கிறதுக்காவது இடம் இருக்குமா? உனக்குக் கோடிப் புண்ணியம், இந்த வெப்சைட்டை அப்படியே பூண்டோடு அழிச்சிடு. அந்தப் பொத்தான் உன்கிட்டதான் இருக்காம். ஆரம்பிச்சு வச்சவன் நீ, திரும்பி ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கலைன்னு நான் குறை சொல்லலை, சொல்லவும் மாட்டேன்.

மற்றபடி நீங்களும் உங்கள் குடும்பமும் குறைவில்லாமல் நீடூழி வாழவும், உங்கள் கண்பார்வை கடைசிவரை கண்ணாடி கேட்காமல் இருக்கவும், தொழிலுக்கு விரோதமாக இருந்தாலும் மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
நின்றுகொண்டே இதை எழுதிய
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் செய்யாதே மச்சான். எதையும் அழித்துவிடாதே. இதை அனுப்பப் போகிற நேரத்தில் மாடிக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் உன் அக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்து வாசித்துக்கொண்டிருக்கிறாள், மாமா கையைக் கோத்துக்கொண்டு கேட்கிறார். முதல் நாளிலிருந்தே தினமும் இது நடக்கிறதாம். "எதிர்க்கடைக்காரன் எழுதினதை இன்னொரு தடவை படிம்மா" என்கிறார். "மாமா, மன்னிச்சிருங்க, எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி மச்சானுக்கு எழுதிட்டேன்" என்றேன். "எதுக்கு எடுக்கணும்? இத்தனை வருஷத்துல ஒருத்தன் வந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. காது வலிக்குது, மூக்குல நிக்கலைன்னுதான் வருவான். இப்போ பாருங்க, ஒவ்வொருத்தன் மனசுலயும் என்னென்ன இருந்திருக்கு" என்றார். மெதுவாக நாற்காலி பற்றிக் கேட்டேன். "செத்தவன் எப்படி மாப்பிள்ளை நாற்காலியில உட்காருவான்? போய் நீங்க உட்காருங்க" என்றார். உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்கிறது, அதை யாரும் என்னிடம் சொன்னதே இல்லை.

ஆனால் நான் படியிறங்கும்போது மாமா சொன்னது காதில் விழுந்தது. "மேலேருந்து கீழ வரைக்கும் இன்னொரு வாட்டி பாரும்மா. எல்லாரும் எழுதிட்டாங்க. உன் தம்பி எழுதியிருக்கானா?" உன் அக்கா, "வேலையா இருந்திருப்பான்ப்பா" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரே ஒரு வரி எழுதிப் போட்டுவிடு. கட்டு பிரித்ததும் அவர் தன் படத்தைத் தேடப்போவதில்லை, உன் பெயரைத்தான் தேடுவார். அவர் உயிரோடு இருப்பதாக மட்டும் எழுதிவிடாதே, மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிடுவார்களாம். கமெண்டைச் செத்தவருக்கு எழுது. எழுதி முடித்த கையோடு, உயிரோடு இருக்கிறவருக்கு ஒரு போன் போடு.