மதில்புரியின் கூரைக் காப்பீடு

மதில்புரி என்றொரு நாடு உண்டு. வரைபடத்தில் தேட வேண்டாம். கிடைத்துத் தொலைத்தால் சொல்கிறவனுக்குத்தான் வம்பு.

அந்த நாட்டில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் அரசரின் கூரைக் காப்பீட்டுத் திட்டத்தில் மாதாமாதம் தவணை கட்டியாக வேண்டும். செங்கமலமும் தவறாமல் கட்டினாள். கணவன் விட்டுப்போன இரண்டு வீடுகளில் ஒன்றில் அவள் இருந்தாள். மற்றதன் வாடகையில்தான் அவள் அடுப்பு எரிந்தது.

ஆடிக் காற்றில் அந்த வாடகை வீட்டின் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. குடியிருந்த வேலப்பன் பிள்ளைத்தாய்ச்சி மனைவியைக் கூட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போய்விட்டான். மழைக்காலத்துக்குள் கூரை போட்டாக வேண்டும். இல்லையென்றால் அவளுக்குச் சோறில்லை, அவர்களுக்குப் போக்கிடமில்லை. செங்கமலம் காப்பீட்டு அமைச்சர் நாவுக்கினியாரிடம் போனாள்.

"அம்மையே, இழப்பீடு வாடகை வீடுகளுக்கு மட்டுமே. கூரை போனதும் குடியிருந்தவர் வெளியேறினால் அக்கணமே ஒப்பந்தம் முறிந்தது. தங்கள் வீடு இப்போது வாடகை வீடே அல்ல" என்றார் அமைச்சர்.

"கூரை இல்லாத வீட்ல யாருங்கய்யா இருப்பாங்க?"

"அது கட்டடத் துறையின் கேள்வி."

அவள் வேலப்பனைக் கெஞ்சிக் கூட்டிவந்தாள். அவனும் நல்ல மனுஷன். மனைவியை மச்சான் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்தான். பார்வையிட வந்த அமைச்சர் மனம் நெகிழ்ந்துபோனார்.

"ஆகா, குடியிருக்க முடிகிறதே! அப்படியானால் சேதமே இல்லை."

அடுத்த வாரம் புதிய ஆணை வந்தது: கூரையற்ற வீடுகளுக்குள் வானம் நேரடியாக வருவதால் ஆபத்து அதிகம், ஆகவே அவற்றுக்குத் தவணை இரட்டிப்பு. தெருவில் பாதி வீட்டுக்கு அதே கதிதான். செங்கமலம் "நாசமாப் போக!" என்று உரக்கத் திட்டினாள். தெருவும் கூடச் சேர்ந்து திட்டியது.

அப்புறம் அடித்த காற்று அரண்மனையையும் விட்டுவைக்கவில்லை. முதல் ஓடு விழுந்ததுமே அரசர் பேரறங்கோ யானை, சமையல்காரர், மைத்துனர்கள் சகிதம் மலை மாளிகைக்குக் கிளம்பிவிட்டார். காப்பீட்டுப் பணம் முழுவதும் அரண்மனைக் கூரைக்கே என்று நாவுக்கினியார் மக்கள் சபையைக் கூட்டி அறிவித்தார். "அரசருக்குத் தோள் கொடுக்கும் பேறு உங்களுக்குக் கிட்டியிருக்கிறது!"

செங்கமலம் எழுந்தாள். "அரண்மனை யாருதுங்கய்யா?"

"மக்களுடையது" என்றார் அமைச்சர் பெருமையோடு. உண்மைதான். மதில்புரியில் முடிசூடுகிறவர் மக்களோடு ஒப்பந்தம் போட்டு ஐந்து வருடத்துக்கு அரண்மனைச் சாவி வாங்கிக்கொள்வது வழக்கம். வாங்கிய மறுநாளே அதை மறந்துவிடுவதும் வழக்கம்.

"அப்போ நாங்க வீட்டுக்காரங்க, அவரு குடியிருந்தவரு. கூரை போனதும் கிளம்பிட்டாரு. ஒப்பந்தம் முறிஞ்சிருச்சில்ல? நீங்க போட்ட சட்டந்தானே!"

அமைச்சர் சட்டத்தைப் புரட்டினார். யானைகளுக்கு விலக்கு இருந்தது, மைத்துனர்களுக்கு விலக்கு இருந்தது. அரசருக்கு விலக்கு எழுத யாருக்கும் தோன்றவில்லை.

சபை அதிர்ந்தது. சனம் குலவையிட்டுக்கொண்டே மலை மாளிகைக்குப் போய் அரசரிடம் சாவியைத் திருப்பி வாங்கியது. கஜானாவைத் திறந்து முதலில் தெருக்களுக்குக் கூரை போட்டது, அப்புறம்தான் அரண்மனைக்கு. அடைமழை தொடங்கிய அன்று வேலப்பனுக்குப் பெண் பிறந்தது. அதே வாடகை வீட்டில் ஒரு சொட்டு மேலே படாமல் தூங்கியது. செங்கமலம் சந்தோஷம் தாங்காமல் அழுதேவிட்டாள்.

அரண்மனை வாசலில் 'வீடு வாடகைக்கு' என்று பலகை தொங்கியது. சேதி கேட்டு, இரு கையும் கூப்பிக்கொண்டு, முகம் நிறையச் சிரிப்போடு பேரறங்கோ வந்து நின்றார். இடுப்பில் சாவிக்கொத்தோடு செங்கமலம் வாசலை மறித்து நின்றாள்.

"வாங்க, வீடு பாக்க வந்தீங்களா? முதல்லயே சொல்லிடறேன், சொந்தக்காரங்க வந்து மாசக்கணக்கா தங்கக் கூடாது. உங்க படத்தை மாட்டறேன்னு செவுத்துல ஆணி அடிக்கக் கூடாது. ஆமா, இதுக்கு முன்னாடி இருந்த வீட்டை எதுக்குக் காலி பண்ணீங்க?"