ஒரே முகம், இரண்டு உறை

ஊசல் ஐயாவைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சுதான். அற்புதம் என்றவர்கள் பாதி. டோக்கன் கிடைக்கவில்லையே என்று புலம்பியவர்கள் மீதி.

மரச்சாமான் கடைக்கு மேல்மாடியில் அவருடைய கூடம். படிக்கட்டு முழுக்கச் செருப்பு. மேடையில் ஐயா, அவர் விரலில் நூல், நூலின் நுனியில் செம்புக் குண்டு. நம் வீட்டு ஆளின் புகைப்படத்தின் மேல் நூலைப் பிடிப்பார். குண்டு நேராக ஆடினால் ஆள் நலம். வட்டமடித்தால் உள்ளே ஆவி. படத்தைக்கூட அவர் பார்ப்பதில்லை. ஒட்டிய உறைக்குள் இருக்கும்.

"நான் மூஞ்சியப் பாத்துச் சொல்ற ஆள் இல்ல. குண்டு பேசும்" என்பார். கூட்டம் சிலிர்க்கும்.

பெயர், உறவு, பிரச்சினை எல்லாவற்றையும் கேட்டு, வாசலில் ஒரு பெண் உறையின் மேல் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். குண்டுக்குப் படிக்கத் தெரியுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்தான். பதினெட்டு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன்.

ஆனால் நான் அங்கே போனது கேட்க அல்ல, நம்ப.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பழுதான இஸ்திரிப் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் சொன்னார்: "எனக்கு ஆம்பளைங்க மேலதான் ஈர்ப்பு. எப்பவுமே அப்படித்தான். பதினாறு வருஷமா உங்கிட்ட மறைச்சது என் தப்பு." சொல்லிவிட்டுத் திருகாணிகளை முடுக்கினார். பெட்டி சூடானது. ஏனோ அது மட்டும் துல்லியமாக நினைவிருக்கிறது.

பக்கத்து அறையிலிருந்து பதினாலு வயது மகள் வந்து நின்றாள். "அப்ப நான்?"

"நீ பொய் இல்லம்மா. உங்கிட்ட நான் இருந்ததுல ஒண்ணுகூடப் பொய் இல்ல."

விஷயம் தெரிந்த என் அக்கா அதற்குள் ஒரு மருந்தும் கண்டுபிடித்துவிட்டாள். "மனுஷன் நல்லவர்தான்டி. உள்ள ஏதோ பூந்திருக்கு. எடுத்துட்டா சரியாயிடும்."

எவ்வளவு வசதியான வாக்கியம்! ஆவி என்றால் அவர் மீது தப்பில்லை. என் மீதும் குறையில்லை. பதினாறு வருடமும் பத்திரம். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

உறையின் மேல் 'கணவர், ஆண்களை விரும்புகிறார்' என்று எழுதி ஒட்டினாள் வாசல் பெண். குண்டு வட்டமடித்தது.

"பெண் ஆவி. ரெண்டு ஆள் பலம்" என்றார் ஐயா.

"சொன்னேன்ல?" என்று என் விலாவில் இடித்தாள் அக்கா. யார் வீட்டிலும் இல்லாத ஆவி எங்கள் வீட்டில் இருந்ததில் அவளுக்கு ஒரு பெருமை.

அதிலிருந்து ஆவியை இறக்க, வாராவாரம் என் கணவர் தலையில் செம்புத் தட்டோடு மேடையில் உட்கார்ந்தார். "உனக்கு நிம்மதின்னா உக்கார்றேன்" என்றார். குற்ற உணர்ச்சி மனிதனை எங்கெல்லாம் உட்கார வைக்கிறது!

மூன்றாவது வாரம் ஐயா என் பக்கம் குனிந்தார். "வீட்ல பொண்ணு இருக்கா?"

"இருக்கா."

"நிழல் அவ மேலயும் விழுந்திருச்சு. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. இருபத்தொரு நாள் இங்கயே தங்கணும். பள்ளிக்கூடம் கூடாது. அப்பன் மூஞ்சில முழிக்கவே கூடாது."

என் கணவர் தட்டைக் கழற்றிவிட்டு எழுந்தார். "என்னை என்ன வேணா பண்ணுங்க. எம்பொண்ணத் தொட்டீங்க…"

"பாருங்க பாருங்க, ஆவி பேசுது!" என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு தகப்பன் பேசியது யார் காதிலும் விழவில்லை. என் காதில் மட்டும் விழுந்தது.

மறுநாள் காலை பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டு ரத்த மாதிரிகள் குழாயில் வந்தன. இரண்டு பெயர். முடிவு மட்டும் புள்ளி பிசகாமல் ஒன்று. எங்கள் மேற்பார்வையாளரின் பழைய வேலை இது: ஒரே ரத்தத்தை இரண்டு பெயரில் அனுப்பி எங்களைச் சோதிப்பார். முடிவு வேறுபட்டால் கோளாறு ரத்தத்தில் இல்லை, எங்களிடம். குழாயைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். பதினெட்டு வருடம் கற்றதை வீட்டு வாசலில் செருப்போடு கழற்றிவிட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் மகளை விட்டுவிட்டு, "கடைசியா ஒரே ஒரு தடவை" என்று கணவரை மட்டும் கூட்டிப்போனேன். கணவரின் ஒரே படத்தில் இரண்டு பிரதி எடுத்துப்போனேன். ஒன்றை வழக்கமான உறையில் நான் கொடுத்தேன். இன்னொன்றை ஒட்டிய உறையில் அக்காவிடம் கொடுத்து, "உன் நாத்தனாருக்கு ஒரு வரன் வந்திருக்கு, கேட்டுப் பாரு" என்றேன். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

என் உறை மேல் குண்டு பம்பரமாகச் சுற்றியது. "பொண்ண கூட்டிட்டு வராம இது போகாது."

'நாத்தனாருக்கு வரன்' என்று வாசல் பெண் எழுதியிருந்த அக்காவின் உறை மேல் கோடு கிழித்ததுபோல ஆடியது. "சொக்கத் தங்கம்! இவனவிட ஆம்பள கிடைக்க மாட்டான். கண்ண மூடிட்டுப் பொண்ணு குடுங்க."

மேடையேறி இரண்டு உறையையும் கிழித்துப் படங்களைத் தூக்கிக் காட்டினேன். "ஒரே ஆளு. ஒரே சட்டை. ஒரே அறுந்த பொத்தான்."

கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவர் மட்டும், "ரெட்டைப் பிறவியா இருக்கும்" என்றார். நம்பிக்கை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

"உறையப் பிரிச்சதால குண்டு கோவிச்சுக்கிச்சு" என்றார் ஐயா.

"அப்ப மேல எதுவும் எழுதாம, எல்லாரும் ஆளுக்கொரு உறை தர்றோம். எது யாருன்னு குண்டு சொல்லட்டும்."

"ஆமா, சொல்லட்டும்!" என்று முன்வரிசை எழுந்தது. குண்டுக்கு ஓய்வு நேரம் என்று எழுந்த ஐயா பின்படிக்கட்டில் இறங்கியவர்தான், திரும்பி வரவில்லை. வாசல் பெண் பேனாவை மூடிக்கொண்டு, "அப்ப நான் இனிமே என்ன எழுதறது?" என்றாள்.

என் கணவர் தலைத்தட்டைக் கழற்றினார். "இதத் திருப்பிக் குடுக்கணுமா?" பல வாரங்களுக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக். சிரித்தேன். படிக்கட்டில் இறங்கும்போது அழுதேன்.

அக்கா செருப்பைத் தேடியபடி கேட்டாள்: "அப்ப அவருக்குள்ள ஆவி இல்லையாடி?"

"இல்லக்கா."

"அப்ப அன்னைக்கு அவர் சொன்னது?"

"உண்மை."

ஒற்றைச் செருப்போடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆவியாக இருந்திருந்தால் அவளுக்கும் எளிது, எனக்கும் எளிது.

இப்போது அவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். சாயங்காலம் வந்து மகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். "அப்பா இப்பதான் நல்லா சிரிக்கிறாரும்மா" என்கிறாள் அவள். சில நாள் எனக்கு அது வலிக்கிறது. அந்த வலிக்கு உறையில் போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை.

ஊசல் ஐயா வேறு ஊரில் கடை விரித்துவிட்டாராம், அங்கேயும் டோக்கனாம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு மனிதர் தன் வாயால் உண்மையைச் சொன்னார். அது உண்மையா என்று கேட்க, வாயே இல்லாத ஒரு குண்டைத் தேடிப் போனோம். நீங்களாவது குண்டைப் பார்க்காதீர்கள். நூலைப் பிடித்திருக்கும் விரலைப் பாருங்கள்.