செயலாளருக்கும் விலக்கில்லை

இந்திரகுமாரின் சிறுநீர்ப்பையைக் கண்டித்து ஒரு தீர்மானம் கொண்டுவருவதென்று விக்னராஜா முடிவு செய்தார்.

கண்டிக்கத்தான் வேண்டும். ஸ்பிரிங்வேல் தமிழ் முதியோர் சீட்டுக் கழகம் ஞாயிறு பதினொரு மணிக்குக் கூடும். முன்பெல்லாம் முந்நூற்றி நாலு என்ற ஆட்டந்தான். நாலு பேர் ஆட, ஐந்து பேர் பின்னால் நின்று பிழை பிடிப்பார்கள். ஒன்பது பேரும் ஒரே மேசையில் இருந்து சண்டை பிடிக்க வசதியாக இருக்குமென்று தலைவர் பழனிசாமி போக்கரைக் கொண்டுவந்தார். காசு கிடையாது, பிளாஸ்டிக் வில்லைகள்தான். யாருடைய முறை என்று காட்டுகிற பட்டன், ஒரு மாங்காய் ஊறுகாய் மூடிதான். ஆட்டத்துக்கு ஒரு கதிரை என்று அது நகரும். மூடிக்கு அடுத்த இருவரும் சீட்டைப் பார்க்குமுன்பே கட்டாயப் பந்தயம் கட்டவேண்டும்; முதல் ஆள் சின்னது, அடுத்த ஆள் பெரியது. அதற்குப் பெயர் பிளைண்ட். மூடி சுற்றிக்கொண்டே இருப்பதால் சுமை எல்லோருக்கும் சமம். அந்த ஆட்டத்தில் விக்னராஜாவுக்குப் பிடித்த ஒரே விஷயம் அதுதான்.

அதில்தான் இந்திரகுமார் ஓட்டை போட்டார். பெரிய பிளைண்ட் தன்னை நெருங்கும் நேரம் பார்த்துக் கழிவறைக்கு எழுந்து போவார். அது தாண்டியதும் கையைத் துடைத்தபடி திரும்பி வருவார். ஐந்து வாரமாக ஒருமுறைகூடக் கட்டவில்லை. போதாக்குறைக்கு நித்தியானந்தன் மகளோடு இருக்க நகரின் மறுகோடியில் உள்ள ட்ருகனினாவுக்குப் போய்விட, அவருடைய கதிரை வெறுமையானது. மூடி அந்தக் கதிரையைத் தாண்டுவதா, அதன் முன்னால் நிற்பதா என்று முக்கால் மணிநேரம் சத்தம். எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

செயலாளர் என்றால் விக்னராஜா. கொழும்பில் ஒரு காலத்தில் மூவாயிரம் பேர் அவர் சொல்லுக்கு வேலையை நிறுத்தினார்கள். மெல்பேர்னில் பிஸ்கட் பெட்டி அடுக்கப் போன இடத்திலும் சங்கம் அமைக்கப் பார்த்தார். சங்கம் ஏற்கெனவே இருக்கிறது, அதற்கு ஒரு ஆப் கூட உண்டு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இப்போது இந்தக் கண்டத்திலே அவரைச் செயலாளர் என்று கூப்பிடுகிற இடம் ஒன்றே ஒன்று, கழகத்தின் ஆறாம் நம்பர் கதிரை. அதுவும் இல்லையென்றால் அவர் யோகராணியின் புருஷன் மட்டுந்தான்.

சனிக்கிழமை காலை குசினி மேசையில் மனைவியைப் பிடித்து இருத்தினார். அவருக்குக் கை நடுக்கம். அவளுக்கு அச்செழுத்துப் போன்ற கையெழுத்து.

"எழுதும், யோகா. முதலாம் விதி. எழும்பிப் போனவற்ற கதிரைக்கு முன்னாலயும் பட்டன் நிற்கவேண்டும். ஆளில்லை என்று தாண்டக்கூடாது."

"தாண்டினா என்ன?"

"தாண்டினா வேற ஒருத்தன் தன்ர பங்கிலயிருந்து தப்பிவிடுவான். இரண்டாம் விதி. தன் முறையில் எழும்பிப் போனவர், விட்டதெல்லாவற்றையும் கட்டிய பிறகே மேசையில் இருக்கலாம்."

"எல்லாத்தையும் ஒரேயடியாவோ?"

"ஒரேயடியா. தவணை என்றது முதலாளி கண்டுபிடிச்ச தந்திரம். மூன்று. தொடர்ந்து மூன்று ஞாயிறு வெறுமையாக இருக்கும் கதிரை, காத்திருப்போர் பட்டியலில் முதலாவது பெயருக்குப் போகும்."

"பட்டியல் இருக்கோ?"

"இல்லை. இன்னொரு தாளில தலைப்புப் போடும். நாலு. செயலாளருக்கும் விலக்கில்லை."

யோகராணி பேனையை நிறுத்தினாள். "உங்களுக்கும் இல்லையோ? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"எனக்கும் இல்லையோ என்று கேட்ட இடத்திலதான் எல்லாச் சங்கமும் நாசமாப் போனது. எழுதும்."

எழுதினாள். இரண்டு தாளையும் நீட்டினாள். 'வாசிக்காமல் ஒப்பமிடாதே' என்று தொழிலாளருக்கு எட்டுப் பக்கத்தில் துண்டுப்பிரசுரம் எழுதிய மனிதர், தான் சொன்னதைத் தானே வாசிப்பானேன் என்று இரண்டிலும் ஒப்பமிட்டார்.

மறுநாள் கழகத்தில் விதிகள் ஏகமனதாக நிறைவேறின. இந்திரகுமார்கூடக் கையைத் தூக்கினார். கழிவறைக்குப் போக அனுமதி கேட்கிறார் என்று முதலில் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் விக்னராஜா சாப்பிட வந்தபோது அவருடைய கதிரைக்கு முன்னால், சோற்றுக் கோப்பை இருக்கவேண்டிய இடத்தில், ஓர் ஊறுகாய் மூடி இருந்தது.

"இதென்ன?"

"பட்டன்," என்றாள் யோகராணி. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்தவள். சீருடையைக்கூட மாற்றவில்லை. "ஒரு ஞாயிறு நான் சமைக்கிறது, ஒரு ஞாயிறு நீங்கள் சமைக்கிறது. தை மாசம் நீங்கள்தான் தீர்மானம் போட்டனீங்கள், ஆணும் பெண்ணும் சமம் எண்டு. உங்கட முறை வந்த மூண்டு ஞாயிறும் கழகம் எண்டு எழும்பிப் போனீங்கள். போன ஞாயிறோட மூண்டு."

"அவசரக் கூட்டம் இருந்தது."

"இந்திரகுமாருக்கும் அவசரந்தான்."

விக்னராஜா மூடியைப் பார்த்தார். பல வருடம் நிர்வாகங்களோடு பேசிப் பழகிய குரலை எடுத்தார். "அது சீட்டு மேசைக்கு எழுதின சட்டம்."

"மேசை எண்டுதான் நீங்கள் சொன்னனீங்கள். நான் எழுதினனான். சீட்டு மேசை எண்டு ஒரு இடத்திலயும் இல்லை." விதிகளைப் பிரதி எடுத்து வைத்திருந்த கொப்பியைத் திறந்து காட்டினாள். "விட்டதைக் கட்டிப்போட்டுத்தான் இருக்கலாம்."

"அப்ப இண்டைக்குச் சாப்பாடு?"

"இருக்கு. நிண்டுகொண்டு சாப்பிடுங்கோ."

பாத்திரம் கழுவுகிற தொட்டியருகே நின்று சாப்பிட்டுக்கொண்டே யோசித்தார். அடக்குமுறைக்கு எதிராகப் பேச வாய் வந்தது. ஆனால் சட்டம் தன்னுடையது, ஒப்பமும் தன்னுடையது. எழுதினவனே மீறினான் என்ற பேச்சு கழகத்துக்குப் போனால் இந்திரகுமார் கழிவறையிலிருந்து சிரிப்பார். மூன்று ஞாயிறுதானே. சிறையில் இருந்த நாட்களை நினைத்தால் இது எம்மாத்திரம். கட்டிவிட்டுத் தலை நிமிர்ந்து இருப்போம்.

முதல் ஞாயிறு வைத்த சொதி திரைந்துபோனது. யோகராணி பத்தரை மணிக்கே, அடுத்த வீட்டு மலேசியக்காரி விமலாவோடு போட்டு வாறன் என்று காரில் ஏறிப் போய்விட்டாள். மூன்று மணிக்கு வந்து, திரைந்த சொதியை ஒரு சொல் பேசாமல் சாப்பிட்டாள். அந்தப் பேசாமைதான் அவரைச் சுட்டது. இரண்டாம் ஞாயிறு பருப்பு அடிப்பிடித்தது. வீட்டுப் புகையெச்சரிப்பு மணி ஒரு மறியல் போராட்டம் நடத்தி ஓய்ந்தது. அன்றும் அவள் விமலாவோடு போனாள். மூன்றாம் ஞாயிறு கத்தரிக்காய்ப் பால்கறி உண்மையிலேயே நன்றாக வந்தது. அவர் பாதியைத் தானே தின்றுவிட்டு, சாப்பாட்டு மேசையில் தன் கதிரையில் பெருமூச்சோடு உட்கார்ந்தார். யோகராணி மூடியைத் தன் பக்கம் நகர்த்தினாள். கணக்குத் தீர்ந்தது.

நாலாம் ஞாயிறு அவளுடைய முறை. விடியவே எழுந்து புட்டும் மீன்குழம்பும் வைத்து மூடிவிட்டு, விமலாவோடு போய்விட்டாள். விக்னராஜா சட்டையை ஸ்திரி போட்டு, அதன் பையில் விதிகளை மடித்து வைத்து, இரண்டு பஸ் மாறிக் கழகத்துக்குப் போனார்.

ஆறாம் நம்பர் கதிரையில் யோகராணி இருந்தாள். முன்னால் வில்லைகள் மதில் மாதிரி அடுக்கியிருந்தன. நித்தியானந்தன் விட்டுப்போன கதிரையில் விமலா.

விக்னராஜா கதிரையின் முதுகைப் பிடித்தார். "யோகா, அது என்ர கதிரை."

"மூணு வாரம் காலியா இருந்துச்சுங்க," என்றார் பழனிசாமி, தர்மசங்கடமாக. "மூணாவது விதி. லிஸ்ட்ல மொதப் பேரு மேடம் பேருதான். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, சார். அவங்க மூணு வாரமும் வந்து, பின்னாடி உக்காந்து கத்துக்கிட்டாங்க."

காத்திருப்போர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். தலைப்பு. அதன் கீழே அச்செழுத்துப் போன்ற கையெழுத்தில் யோகராணி விக்னராஜா. அதற்கும் கீழே விமலா. அடியில் அவருடைய சொந்த ஒப்பம், நடுங்கினாலும் கம்பீரமாக.

இந்திரகுமாருக்கு மனம் இளகிவிட்டது. "அண்ணை பாவம். இந்தக் கழகத்துக்காக எவ்வளவு உழைச்சவர். அவருக்கு மட்டும் ஒரு விலக்குக் குடுப்பம். கை தூக்குங்கோ."

ஆறு கைகள் எழுந்தன. விதியை விலக்கத் தலைவருடைய கையும் எழவேண்டும். பழனிசாமியின் கை பாதியில் நின்றது. யோகராணி தன் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள். கணவரை மட்டும் பார்த்தாள், நாற்பது வருடம் அவரைக் கேட்டு அலுத்த கண்ணால்.

"கையை இறக்குங்கோ," என்றார் விக்னராஜா. அவர் குரல் அவருக்கே தூரத்தில் கேட்டது. "செயலாளருக்கும் விலக்கில்லை."

கைகள் இறங்கின. அந்தச் சந்தடியில் இந்திரகுமார் மெல்ல எழுந்து கழிவறைப் பக்கம் திரும்பினார்.

"இருங்கோ தம்பி," என்றாள் யோகராணி. "பெரிய பிளைண்ட் உங்களுக்கு."

இந்திரகுமார் உட்கார்ந்தார். வில்லைகளை எண்ணிக் கட்டினார். ஒரு தீர்மானத்தாலும் நாலு விதிகளாலும் முடியாத காரியம்.

விக்னராஜா போவதா நிற்பதா என்று தெரியாமல் சுவரோடு சாய்ந்தார். யோகராணி சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "சும்மா நிக்காமல் தேத்தண்ணிக்கு அந்தக் கேத்திலைப் போட்டுவிடுங்கோ, செயலாளர். எனக்குச் சீனி வேண்டாம்."