எடை குறைந்த காரும் எங்கள் அத்தையும்

"சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று சொல்பவர்களை எங்கள் ஆரணியில் யாரும் நம்பமாட்டார்கள். பட்டுக்கடையில் போய் அப்படிச் சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே காபிக்குச் சொல்லி அனுப்புவார். சும்மா பார்க்க வந்தவர் வெறுங்கையோடு படியிறங்கிய வரலாறு அவருக்குத் தெரிந்து கிடையாது. நானும் அந்தச் சிவப்புக் காரைச் சும்மா பார்க்கத்தான் ஆசைப்பட்டேன்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். குழாய்களை இயந்திரத்தில் போட்டுச் சுழலவிட்டால், அது நிற்கும்வரை எனக்கு வேலை இல்லை. அந்த இடைவெளியில்தான் போனில் கார் வீடியோக்கள் பார்க்கும் பழக்கம் தொற்றியது. எல்லாவற்றிலும் ஒரு வெள்ளைக்காரர், தலைமுடி பறக்க, மலைப்பாதையில் ஒரு குட்டிக் காரை வளைத்து வளைத்து ஓட்டுவார். கூரை கிடையாது, பின் சீட்டு கிடையாது. "வண்டியின் எடை குறைந்தால்தான் அது நம் பேச்சைக் கேட்கும்" என்பார். எங்கள் வீட்டில் என் பேச்சைக் கேட்க ஒரு ஜீவன் இல்லை. (மீன் தொட்டியில் இருக்கும் மீன்கூட என் கணவர் வந்தால்தான் மேலே வரும்.) ஆகவே அந்த வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன்.

பிள்ளைகள் இருவரும் படிக்கப் போய் ஹாஸ்டலில் இருந்தார்கள். எங்களிடம் இருந்ததோ ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. தக்காளி வாங்க அதில் தனியாகப் போய் வரும்போது கல்யாணச் சத்திரத்தை ஓட்டிக்கொண்டு போவது போல இருக்கும். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தேன்.

"என்னங்க, வீக் எண்டுக்குன்னு சின்னதா ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா?"

என் கணவர் அருள்தாஸ், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கோபமே வராது. கேள்விதான் வரும்.

"வீக் எண்டுன்னா என்னைக்கு?"

"சனி, ஞாயிறு."

"சனிக்கிழமை உனக்கு லேப் இருக்கே?"

"சரி, ஞாயிறு மட்டும்."

"ஞாயிறு காலையில சர்ச்."

"மத்தியானம் போலாம்."

"மத்தியானம் நீ தூங்குவ."

கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் ஆசையெல்லாம் கழித்தல் கணக்காகிவிடும். என் வீக் எண்டு, ஞாயிற்றுக்கிழமை டீ குடித்ததற்கும் இருட்டுவதற்கும் நடுவில் ஒரு துணுக்காக மிஞ்சியது.

"எத்தனை சீட்டு?" என்றார் அடுத்து.

எனக்கு இருமல் வந்தது. "ரெண்டு."

"அம்மா எங்க உக்காருவாங்க?"

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "நான் இன்னா, டிக்கியில வரேன். நீங்க வாங்குங்க!"

அதுதான் அத்தை, என் கணவரின் அம்மா. அரசாங்க நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். முள்ளிப்பட்டு தொடங்கி சுற்று வட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவர் கையால் ஊசி விழுந்திருக்கிறது. தாராளமான உடம்பு, அதைவிடத் தாராளமான குரல், எந்தப் புதுப் பொருளையும் முதல் ஆளாகத் தொட்டுப் பார்க்கும் ஆர்வம். என் பக்கம் ஓர் ஓட்டு விழுந்ததே என்று மகிழ்ந்தேன். அந்த ஓட்டின் எடையை யோசிக்கவில்லை.

வேலூரில் எனக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டரிடம் அப்படியொரு கார் இருந்தது. முதுகுவலி காரணமாக விற்கப் போவதாகச் சொன்னார். (முதுகுவலிக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனசு ஒன்றில் விழுந்துவிட்டால் மூளை லீவு போட்டுவிடும்.) ஒரு ஞாயிறு ஆரணியில் அவர் சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. காலையிலேயே காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, சாவியை என் கையில் கொடுத்தார்.

"விசேஷம் முடியிற வரைக்கும் ஓட்டிப் பாருங்க மேடம். கூரையை மடிச்சு வெச்சிருக்கேன். மூடறது மட்டும் கொஞ்சம் படுத்தும். ஸ்பீடு பிரேக்கர் பாத்து போங்க."

கடைசி வாக்கியம் என் காதில் விழுந்ததா என்று கேட்டால், விழுந்தது. தங்கவில்லை.

சர்ச்சுக்குப் போக அரக்குப் பட்டுப்புடவை கட்டித் தயாராக நின்ற அத்தை, காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"இன்னா மருமவளே, தரையோட தரையா படுத்துகினு கீது? எழுப்பி உட மறந்துட்டாங்களா?"

"அப்படித்தான் இருக்கும் அத்தை. காத்தைக் கிழிச்சிகிட்டு போறதுக்கு."

"அப்ப நான்தான் முன்னாடி உக்காருவேன்."

பின்னாடி என்று ஒன்று இல்லை என்பதை விளக்குவதற்குள் கதவைத் திறந்துவிட்டார். முதலில் ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு கர்த்தரை நம்பித் தன்னைக் கீழே விட்டார். கார் ஒருமுறை மூச்சு விட்டது. தோல் சீட்டில் ஆரணிப் பட்டு வழுக்கும் என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன். சர்ரென்று சறுக்கி, அண்டாவுக்குள் இறங்கிய இட்லித் தட்டு மாதிரி கச்சிதமாகப் பதிந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு நேராக வந்து நின்றன.

"சுகமா கீதுடி!" என்றார்.

இரண்டு சீட்டும் தீர்ந்துவிட்டதால், என் கணவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். பார்ப்பவர்களுக்கு யாரோ மந்திரியின் அம்மாவுக்குப் பாதுகாப்பு போவது போல இருந்திருக்கும்.

அன்று என் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! ஸ்டியரிங்கைத் தொட்டால் திரும்பியது, நினைத்தால் நின்றது. வெள்ளைக்காரர் சொன்னது சத்தியம். அவர் சொல்லாமல் விட்டது, அந்த உயரத்திலிருந்து ஆரணி எப்படித் தெரியும் என்பதை. பத்து வருஷம் நடந்த கடைவீதியில் எனக்கு ஒரு முகம்கூடத் தெரியவில்லை. லுங்கிகள் தெரிந்தன, காய்கறிப் பைகள் தெரிந்தன, ஓர் ஆட்டின் கண்கள் என் கண்ணுக்கு நேராக வந்து யோசனையோடு பார்த்தன. நெரிசலில் பக்கத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. ஜன்னலில் இருந்தவர்கள் எல்லாரும் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார்கள். யாரோ தின்று போட்ட வேர்க்கடலைத் தோல் எங்கள் இருவர் தலையிலும் பூமாரியாகப் பொழிந்தது.

"ஸ்டெல்லா சிஸ்டர்!" என்று மேலேயிருந்து என்னைக் கூப்பிடும் ஒரு குரல். என்னிடம் சர்க்கரை பார்க்க வரும் அம்மாள். "வண்டி பள்ளத்துல உழுந்துடுச்சா?"

"இல்லமா, வண்டியே இப்படித்தான்!" என்று அண்ணாந்து கத்தினேன்.

"அய்யோ பாவம்" என்றார் அந்த அம்மாள். பஸ் போய்விட்டது.

எங்கள் சர்ச் வாசலுக்கு முன்னால் ஒரு வேகத்தடை உண்டு. தெருக்காரர்கள் தாங்களே சேர்ந்து போட்டது. அவர்கள் தடுக்க நினைத்தது வேகத்தையா வெள்ளத்தையா என்று தெரியாது, அவ்வளவு உயரம். முன் சக்கரம் ஏறி இறங்கியது. அப்புறம் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. கார் தன் வயிற்றை வேகத்தடைமேல் வைத்துப் படுத்துக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. நான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம் மட்டும் பந்தயக் கார் போலக் கேட்டது.

நான் தவழ்ந்து வெளியே வந்து குனிந்து பார்த்தேன். ஒரு ஆள் எடை குறைந்தால் நகரும் போலிருந்தது.

"அத்தை, கொஞ்சம் இறங்குறீங்களா?"

"இறங்கலாமே" என்று கையை நீட்டினார். நான் இழுத்தேன். என் கணவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்து இழுத்தார். பட்டுப்புடவை எங்களுக்கு உதவ மறுத்தது. அரை அடி மேலே வருவார், அப்படியே சறுக்கி ஒரு அடி கீழே போவார். ஆராதனைக்கு முதல் மணி அடித்தது. சபையார் எல்லாரும் அந்த வழியாகத்தானே வரவேண்டும்? வந்தார்கள், நின்றார்கள், யோசனை சொன்னார்கள். அத்தையோ ஒவ்வொருவருக்கும் கையசைத்து, "வாங்க, வாங்க, சௌக்கியமா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. கூரையைப் பிடித்து இழுத்தேன். பாதி வந்தது. அதற்குமேல் வர அதற்கு விருப்பமில்லை. அத்தை கைப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்துக்கொண்டார். நான் நடுத்தெருவில் நனைந்துகொண்டே, 'ஆண்டவரே, பூமி பிளந்து என்னை ஏற்றுக்கொள்ளட்டும், டாக்டர் காரை மட்டும் விட்டுவிடட்டும்' என்று வேண்டினேன்.

பின்னால் மாட்டிக்கொண்ட ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்தார். "இன்னாங்க பேஜாரு? வண்டி இன்னா வெயிட்டு இருக்கும்?"

அந்த நிலைமையிலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆயிரம் கிலோகூட கிடையாதுங்க" என்றேன் பெருமையாக. "எடை குறைவா இருந்தாதான் நம்ம பேச்சைக் கேக்கும்."

"அப்ப தூக்கிடலாம்! ஜல்தி வாங்கப்பா!"

பாடகர் குழு வெள்ளை அங்கியோடு ஓடிவந்தது. ஆட்டோக்காரர், பூக்கடைக்காரர், என் கணவர் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். "ஐலசா" என்றார் ஆட்டோக்காரர். பாடகர் குழு அதைச் சுருதி சேர்த்துத் திருப்பிச் சொன்னது. கார் எழும்பியது. குடையோடு அத்தையும் எழும்பினார்.

வேகத்தடையைத் தாண்டி வைத்திருந்தால் போதும். ஆனால் தூக்கியவர்களுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. "மழையில பெரியம்மா நனையிறாங்க, உள்ளயே வெச்சிடலாம்!" என்று ஒருவர் கத்த, பக்கத்திலேயே இருந்த கேட்டுக்குள் நுழைந்து, சர்ச் முகப்பின் இரண்டு தூண்களுக்கு நடுவில், வாசலைப் பார்த்தாற்போல் காரை இறக்கினார்கள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் இரண்டு பக்கமும் கதவு திறக்க இடமில்லை. தூக்கியவர்கள் கதவைப் பற்றி யோசித்திருக்கவில்லை.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது. பாஸ்டர் வெளியே வந்தார். காரைப் பார்த்தார், குடையை மடித்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார்.

"தோத்திரம் பாஸ்டர்" என்றார் அத்தை. "நீங்க ஆரம்பிங்க. எனக்கு இங்கேர்ந்தே நல்லா தெரியுது."

ஆராதனை நடந்தது. அத்தை காரில் உட்கார்ந்தபடியே பாட்டுப் பாடினார், ஜெபித்தார், காணிக்கைப் பைகூட கார் வரைக்கும் போய் வந்தது. ஈரப் புடவையோடு தூணுக்குப் பின்னால் பதுங்கியிருந்த நான், அறிவிப்பு நேரத்தில் பாஸ்டர் எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று நடுங்கினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னைக்கு சபைக்குச் சிலர் நடந்து வந்தீங்க. சிலர் வண்டியில வந்தீங்க. ஒருத்தங்க மட்டும் வண்டியோட வந்திருக்காங்க. அவங்களை அன்போடு வரவேற்கிறோம்."

சர்ச் குலுங்கியது. அதிகமாகச் சிரித்தது யார் என்றா கேட்கிறீர்கள்? முன் வரிசையில் என் கணவர்.

ஆராதனை முடிந்ததும் அதே கூட்டம் காரைத் தூக்கி வெளியே வைத்தது. போன் போட்டு வரவழைத்த டாக்டரும் வளைகாப்புச் சந்தனம் கன்னத்தில் இருக்க வந்து சேர்ந்தார். என் மன்னிப்புப் படலத்தைக் காதில் வாங்காமல் நேராக அத்தையிடம் போனார்.

"அம்மா, மொதல்ல ரெண்டு காலையும் சேத்து வெளிய வைங்க. அப்புறம் கதவைப் பிடிச்சிகிட்டு எழுந்திருங்க."

அத்தை இரண்டு காலையும் வெளியே வைத்தார், எழுந்தார், புடவைக் கொசுவத்தை நீவினார். அவ்வளவுதான்!

"அத்தை!" என்றேன். "இவ்வளவு ஈஸியா?"

"நான் கஷ்டம்னு எங்கடி சொன்னேன்? நீங்கதான் ஆளுக்கொரு கையை இழுத்துகினு இருந்தீங்க."

டாக்டர் குனிந்து காரின் அடிவயிற்றைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "லேசாதான் தேஞ்சிருக்கு. எனக்கு வேலூர்ல இதைவிட மோசமா ஆகியிருக்கு" என்றார். பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். பாடகர் குழு காரோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. பூக்கடைக்காரர் அதன் மூக்கில் ஒரு முழம் மல்லிகையைச் சாத்தியிருந்தார். ஆட்டோக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தார். டாக்டரின் முகம் மாறியது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் நேரத்தில் தகப்பனுக்கு வருமே, அந்த முகம்.

"மேடம்" என்றார் தயங்கி. "தப்பா எடுத்துக்காதீங்க. வேலூர்ல இதை ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க. இன்னைக்கு இதைப் பாத்து இத்தனை பேரு சிரிக்கிறாங்க. எனக்கு விக்க மனசு வரல."

முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே உட்கார்ந்தார். மல்லிகையோடு கார் போய்விட்டது. வேகத்தடையில் மட்டும் நாலு பேர் காரைத் தூக்கித் தாண்டிவைத்தார்கள்.

வீட்டுக்கு மூவரும் ஒரே ஸ்கூட்டரில் போக முடியாதே! அத்தை அந்த ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நான் கணவரின் பின்னால் உட்கார்ந்தேன். தெருமுனை திரும்பினோம். பிறகு ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"ஸ்டெல்லா, அந்த வண்டியை வாங்கியிருக்கலாம்."

முதுகில் குத்தினேன்.

அதன்பின் நான் கார் எதுவும் வாங்கவில்லை. ஆனால் அந்த ஞாயிறு மட்டும் எங்கள் சபையைவிட்டுப் போகவில்லை. யாராவது முழங்கால் வலி, முதுகுவலி என்று ஆராதனைக்கு வராமல் இருந்தால் பாஸ்டரிடமிருந்து போன் வரும்: "பாடகர் குழுவை அனுப்பட்டுமா?" போன மாதம் அத்தையே நிஜமாக முழங்கால் வீங்கிப் படுத்துவிட்டார். வழக்கம்போலப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பாஸ்டர் தன் கேள்வியைக் கேட்டார்.

அத்தை தலையணையிலிருந்து நிமிர்ந்தார்.

"ஆளுங்க எதுக்கு பாஸ்டர்? அதெல்லாம் இங்கயே கீறாங்க. நீங்க வண்டியை அனுப்புங்க!"