நாலு அடுப்பும் நாலு ஜெபமும்

சோற்றுக்காக ஜெபம் செய்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருப்பார்கள். கரிக்காக ஜெபம் செய்தவர் ஒரே ஒருவர்தான். அவர் மலேசியாவின் ஈப்போவில், எங்கள் மெங்லெம்பு ஸ்தோரின், அதாவது கரிக் கிடங்கின், பின்பக்கத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு நிச்சயம் இருந்திருக்கும். சம்பளம் போட்ட பெண்ணைத் தவிர யாருக்கும் அது தெரியாது. மலாயில் கரிக்கு அராங் என்று பெயர், அதனால் அவர் அராங் அண்ணே. அவரும் அதில் வருத்தப்பட்டதில்லை. போனை எடுத்தாலே, “அராங் பேசுறேன்,” என்றுதான் ஆரம்பிப்பார்.

எங்கள் கம்பெனி கரி ஏற்றுமதி செய்தது. வெளிநாடுகளில் கோழியையும் ஆட்டையும் மீனையும் நெருப்பில் வாட்டி விற்கும் கடைகளுக்கு எங்கள் பேரா மாநிலத்திலிருந்து கரி போயிற்று. நான் கப்பலுக்கு வேண்டிய காகிதங்களைப் பார்த்தேன். அண்ணே கரியைப் பார்த்தார். எது நல்லது, எது மட்டம் என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் அவர் வேலை.

கரி ஸ்தோரில் வெள்ளைச் சட்டை எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். “நல்ல கரி ஒட்டாதுலா,” என்பார். நிரூபிப்பதற்காக ஒரு துண்டை எடுத்துத் தன் கையிலேயே தேய்த்துக் காட்டுவார். இறுகிய நல்ல கரி என்றால் மெல்லிய கோடு விழும். மட்டமான சரக்கு என்றால் முழங்கை வரை மை. சாயங்காலம் அவர் சட்டையைப் பார்த்தாலே அன்று வந்த லோரியில் என்ன இருந்தது என்று சொல்லிவிடலாம். அவர் வாங்கிய சோப்புத்தூளுக்கு ஒரு தனி லோரி விட்டிருக்கலாம்.

வெளிநாட்டு வியாபாரிகள் போனில் தரம் கேட்டால் வாயால் பதில் சொல்ல மாட்டார். இரண்டு துண்டுக் கரியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துத் தட்டுவார். நல்ல கரி ணங் என்று கேட்கும். ஈரக் கரி பொத் என்று கேட்கும். “கேக்குதுங்களா? மணி அடிச்ச மாதிரி இருக்கா?” என்பார். அந்தப் பக்கத்தில் இருப்பவர், லைன் சரியில்லை என்று வைத்துவிடுவார். பிறகு நான் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எங்களிடம் நாலு விதக் கரி இருந்தது. அண்ணே அவற்றைச் சொந்தபந்தமாகவே வைத்திருந்தார். 

“ரப்பர் கட்டக் கரி மச்சான் மாரி. கூப்ட ஒடனே வந்துருவான், படபடன்னு பேசுவான், சாப்பாடு ஆகறதுக்குள்ள கெளம்பிருவான். தேங்கா செரட்டக் கரி பணக்கார வீட்டு மருமவ. பொக இல்ல, சத்தம் இல்ல, ஆனா கையில நிக்காது. மரத்தூள அச்சுல அடிச்ச கரி இருக்கே, அது கவுர்மெண்டு கிளார்க்கு. வேலய ஆரம்பிக்க நேரமாவும். ஆரம்பிச்சா சீரா போவும். ஒரு தூறல் விழுந்தா லீவு.”

“பாக்காவ்?” என்று கேட்டேன். தைப்பிங் பக்கத்துச் சூளைகளிலிருந்து வரும் அலையாத்தி மரக் கரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

“மாமனாருலா. சூடாவ நேரமெடுக்கும். சூடாயிட்டா எறங்கவே மாட்டாரு.”

இவ்வளவும் தெரிந்தவர் முடிவைச் சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதானே. மாட்டார். மதியம் ஆனால் ஸ்தோரின் பின்பக்கத்துத் தகரக் கொட்டகையில் நாலு அடுப்பு மூட்டி, நாலு கரியைப் போட்டு, நாலிலும் கெம்போங் மீனை வைப்பார். உப்பும் மஞ்சளும் மட்டும்தான். “மசாலா போட்டா மசாலா பேசும், கரி பேசாது,” என்பது அவர் சட்டம். எந்த மீன் எந்த அடுப்பில் வெந்தது என்று அவர் சொல்ல மாட்டார், நாங்கள் சாப்பிட்டுக் கருத்துச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அவர் வைத்த பெயர் சாட்சிகள்.

ஒவ்வொரு மீனுக்கும் முன்னால் கண்ணை மூடி ஜெபம் செய்வார். ஒரே ஜெபமாக முடித்துவிடக் கூடாதா என்று பசி தாங்காமல் ஒரு நாள் கேட்டுவிட்டேன். “ஒரு கரிக்கு ஜெபம் பண்ணி இன்னொண்ணுக்குப் பண்ணாம உட்டா அது நியாயமாம்மா?” என்றார். நாலாவது ஆமென் வருவதற்குள் முதல் மீன் ஆறிப் போயிருக்கும்.

சாட்சிகள் நாலு பேருக்குக் குறையக் கூடாது. நாங்கள் குறைந்தால் வெளியில் போய் ஆள் பிடித்து வருவார். தபால்காரர் மாட்டியிருக்கிறார். கரண்டு மீட்டர் பார்க்க வந்தவர் மாட்டியிருக்கிறார். இன்சூரன்ஸ் விற்க வந்த ஒருவர் நாலு மீனையும் சாப்பிட்டுவிட்டு, வந்த காரியத்தை மறந்து போய்விட்டார்.

“நீங்களே தின்னு பாத்துச் சொன்னா என்னாண்ணே?” என்று கேட்டால் தலையை ஆட்டுவார். 

“தனியா சாப்ட்டா நாக்கு பொய் சொல்லும்மா.”

இதில் பெரிய வேடிக்கை, எத்தனை மீனை நாங்கள் முடித்தாலும் அவர் முடிவு மட்டும் வராது. முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு, யோசனையாக வானத்தைப் பார்த்து, “இன்னும் ஒரு தடவ பாக்கணும்,” என்பார். தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, தலையில் கை வைத்துக்கொள்வார். தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர் என்பதால் அவருக்கு எங்களைவிட நல்ல தமிழ் வரும், மரியாதை மட்டும் வராது. “அண்ணே, நீ மீன் தின்னே என் கம்பெனிய முடிச்சிருவ,” என்பார்.

ஒரு பொது விடுமுறை நாளில், மறந்து வைத்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க ஸ்தோருக்குப் போனேன். கொட்டகையில் அண்ணே இருந்தார். நாலு அடுப்பும் குளிர்ந்து கிடந்தன. கடையில் கட்டி வாங்கிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விடுமுறை நாளிலும் அதே வெள்ளைச் சட்டை, ஒரு கறையில்லாமல்.

“வீட்டுக்குப் போலயாண்ணே?”

“வீட்ல யாரும்மா இருக்கா? இங்கயாச்சும் நாலு அடுப்பு இருக்கு.”

“பத்த வைக்கலயா?”

“சாட்சி இல்லயே.”

புந்தோங்கில் அவர் வீடு. மனைவி போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. பீடோர் பக்கத்தில் அவர் பிறந்த ரப்பர் தோட்டம் செம்பனைக் காடாகி, அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனாலும் அன்றுதான் புத்தியில் உறைத்தது. முடிவு சொன்னால் சோதனை முடிந்துவிடும். சோதனை முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்கு அவரோடு யாரும் உட்கார மாட்டார்கள். அதனால்தான் அந்த மனிதர் வருடக்கணக்காக முடிவைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு மனசு சரியில்லை. அதன் பிறகு, விரத நாட்கள் போக, நான் ஒரு மீனுக்கும் டிமிக்கி கொடுத்ததில்லை.

பிறகு துபாயிலிருந்து ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. சென்னைக்காரர். அங்கே பல கிரில் கடைகளுக்குக் கரி இறக்குமதி செய்கிறவர். எல்லாக் கடைக்கும் ஒரே வகைக் கரி, நீண்ட கால ஆர்டர். வியாபாரம் படுத்துக் கிடந்த நேரம் அது. தவுக்கே எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். 

“இந்த ஆர்டர் வரல, ஸ்தோர மூடிருவேன். வந்துச்சு, இனிமே மீன் கிடையாது. கரிய கோலாலம்பூருக்கு அனுப்பி லேப்ல பாப்போம். பின்னால கொட்டாய பேக்கிங்குக்கு எடுத்துக்குவேன். அண்ணே, அந்த ஆளு கேட்டா நீ ஒரே பதில் சொல்லணும். இன்னும் ஒரு தடவன்னு சொன்ன, அவ்வளவுதான்.”

அண்ணே சட்டைக் கையை நீவி விட்டுக்கொண்டே, “சரிங்க தவுக்கே,” என்றார்.

துபாய்க்காரர் வந்த அன்று அண்ணே விடிந்ததும் பாசாருக்குப் போய், கண் பளபளக்கும் கெம்போங்காகப் பார்த்து வாங்கி வந்திருந்தார். காரிலிருந்து இறங்கிய மனிதரின் நெற்றியில் பளிச்சென்று நாமம். மீனைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

“சார், புரட்டாசி. நான் தொட மாட்டேன்.”

அண்ணே என்னைப் பார்த்தார். நானும் புரட்டாசி விரதம். ஸ்தோர் பையன்கள் எல்லாரும் விரதம். மற்ற புரட்டாசிகளில் லோரி டிரைவரும் தபால்காரரும் கைகொடுத்து வந்ததால், தேவாலயக் காலண்டரை மட்டும் பார்க்கும் அண்ணேக்கு அந்த மாதம் ஒரு மாதமாகவே தெரிந்ததில்லை. டிரைவர் அன்று துறைமுகத்துக்குப் போயிருந்தார், தபால்காரரும் வரவில்லை. தவுக்கேயை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். 

“என்னை பாக்காத. மீன் தின்னா எனக்கு காலு வீங்கும்,” என்றார்.

நாலு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. அண்ணே மீனை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு விறுவிறுவென்று வேலியோரம் போய், தானாக முளைத்துக் கிடந்த மரவள்ளியைப் பிடுங்கினார். வெள்ளைச் சட்டையெல்லாம் செம்மண். கிழங்கைக் கழுவி, தோலோடு அடுப்புக்கு ஒன்றாக வைத்தார். வழக்கம்போல நாலு ஜெபம். துபாய்க்காரர் நாலுக்கும் கைகூப்பி நின்றார்.

மீன் என்றால் சடுதியில் முடிந்திருக்கும். மரவள்ளி லேசில் வேகாது. நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊர்க்கதை, துபாய் வெயில், தவுக்கேயின் கால் வீக்கம் என்று பேசிக்கொண்டே இருந்தோம். அண்ணே விசிறியபடி எல்லார் பேச்சுக்கும் சிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் அந்தக் கொட்டகையில் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை.

மச்சான் முதலில் கிளம்பினார். ரப்பர் கட்டை படபடவென்று பொறி பறக்கவிட்டு, துபாய்க்காரரின் பேண்டில் ஒரு ஓட்டையும் போட்டுவிட்டுச் சாம்பலாயிற்று. மருமகள் சத்தமில்லாமல் எரிந்தாள், சில்லுச் சில்லாகக் கம்பி இடுக்கில் விழுந்துகொண்டே இருந்தாள். ஈப்போ மழை வழக்கப்படி மதியம் தாண்டி வந்தது. சாரல் அடித்ததும் கவர்மெண்டு கிளார்க் உப்பி உதிர்ந்து லீவில் போனார். பாக்காவ் மட்டும் புகையில்லாமல், பொறியில்லாமல், செக்கச் செவேலென்று கனன்றது. அந்த அடுப்புக் கிழங்கு மட்டும் பூப்போல வெந்திருந்தது.

எல்லாரும் அதையே பிட்டுச் சாப்பிட்டோம். துபாய்க்காரர் கிழங்கை ஊதிக்கொண்டே கேட்டார்.

“இதான சார்? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன். உங்களுக்கே சந்தேகம்னா சொல்லுங்க, நான் இந்தோனேஷியா பக்கம் போய்ப் பாத்துக்கறேன்.”

ஸ்தோர் பையன்கள் கிழங்கை மெல்லாமல் நின்றார்கள். அண்ணே நாலு அடுப்பையும் பார்த்தார், சுற்றி உட்கார்ந்திருந்த எங்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். அது அன்றைய ஐந்தாவது ஜெபம். அவ்வளவு நீளமான ஜெபத்தை அவர் எந்த மீனுக்கும் செய்ததில்லை.

“ஆமென்,” என்றார். “பாக்காவ்தான்.”

ஆர்டர் வந்தது. எல்லாருக்கும் வேலை நிலைத்தது. கொட்டகைக்குச் சுவர் வைத்தார்கள், அடுப்புகளைப் பழைய இரும்புக்காரர் தூக்கிக்கொண்டு போனார். அண்ணே மதியத்தில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டார். நான் என் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போய்விடுவேன். இரண்டு பேர்தான் இருந்தோம். நாலு சாட்சி இல்லாததால் அவர் எதைப் பற்றியும் கருத்துச் சொல்லவில்லை. சட்டை மட்டும் வெள்ளையாகவே இருந்தது.

இப்போது அவர் வேலையை விட்டு, சித்தியவானில் தங்கை வீட்டில் இருக்கிறார். பகலில் அங்கே எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். நானும் ஓய்வு பெற்றாயிற்று. மதியத்தில் என் வீட்டிலும் நான் ஒருத்திதான். நேற்று சோற்றைப் போட்டுக்கொண்டு உட்காரும்போது போன் அடித்தது.

“தங்கச்சி, அராங் பேசுறேன். சாப்ட்டியா?”

“இனிமேதாண்ணே. நீங்க?”

“மீன் அடுப்புல இருக்கு. இரு, ஒண்ணு கேளு. இது என்னா கரி சொல்லு.”

ணங்.

அந்தச் சத்தத்தோடு எத்தனை வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பாக்காவ் என்று சொல்லிவிடுவேன்.

“ரப்பர் கட்டயாண்ணே?” என்றேன்.

“என்னாம்மா நீ. இன்னும் ஒரு தடவ கேளு,” என்றார், குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் போனை ஸ்பீக்கரில் போட்டு, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.