மிதவைச் சாமியும் மூடிய டப்பாவும்

ஊரே தொட்டியைச் சுற்றி நின்றது. சாயப்பட்டறைக் கழிவு கலந்து நீலமாகிப்போன குளத்து நீர் தொட்டி நிறைய இருந்தது. மிதவைச் சாமி கடுகளவு வெள்ளை மணிகளை அள்ளி வீசினார். கண்ணை மூடி உதட்டை அசைத்தார். மணிகள் மிதந்தன. சாயங்காலத்துக்குள் நீலம் காணாமல் போனது. கூடவே கூட்டத்தின் புத்தியும்.

பட்டறையில் தண்ணீரைச் சோதிப்பவள் அவள். மணிகளைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பட்டறை சோதனைக்கு வாங்கியவை. வெயில் பட்டால் அவற்றின் மேல்பூச்சு சாயத்தைச் சிதைக்கும். போன வாரம் ஒரு மூட்டை காணாமல் போயிருந்தது. தெரிந்தும் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேருக்கு எதிரே ஒற்றை ஆளாக நிற்கத் துணிச்சல் வரவில்லை. பயத்துக்கு அடக்கம் என்று பெயர் சூட்டி வைத்திருந்தாள்.

நாலாம் நாள் காலை, அக்கா அந்தத் தண்ணீரைப் பால்புட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பத்து மாதக் குழந்தைக்கு.

"அக்கா, நிறம்தான் போச்சு. உப்பும் ஈயமும் உள்ளயேதான் இருக்கு!"

"உனக்குப் பொறாமைடி. இத்தனை படிச்சும் உன்னால முடிஞ்சுதா?"

"சாயங்காலம் வரைக்கும் குடுக்காதே. அது போதும்."

அக்காவையும் இழுத்துக்கொண்டு சாமியின் முன்னால் போய் நின்றாள். கையில் மூன்று பாட்டில் நீலத் தண்ணீர்.

"சாமி, ரெண்டுல நீங்களே மணி போட்டு மந்திரம் சொல்லுங்க. அதுல ஒண்ணை இந்தத் தகர டப்பாக்குள்ள மூடி வைக்கிறேன். மூணாவதுல நான் மணி போட்டுக்கிறேன்."

"பாதாளத்துல வெச்சாலும் தெளியும், தாயே!"

பாவம், மூட்டையில் ஒட்டியிருந்த தாளை அவர் படிக்கவில்லை. வெயில் வேண்டும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது.

சாயங்காலம். வெயிலில் இருந்த இரண்டும் தெளிந்திருந்தன. டப்பாவைத் திறந்தாள். அதே நீலம்.

"டப்பாவுல தோஷம்!" என்றார் சாமி.

"அப்ப மூணாவது எப்படித் தெளிஞ்சுது? அதுக்கு மந்திரமே இல்லை. நான் சினிமாப் பாட்டுதான் பாடினேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சரி, தெளிஞ்சதை ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுங்க, சாமி."

"இன்னைக்கு... எனக்கு விரதம்."

"காலையில எங்கிட்ட ஆறு இட்லி வாங்கினீங்களே!" என்று கத்தினாள் இட்லிக் கடைக்காரி. சிரிப்பு அலையாகக் கிளம்பியது. அது அடங்குவதற்குள் சாமி காவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூலை திரும்பி மறைந்தார். அக்கா புட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு பெரியவர் தடாலென்று அவள் காலில் விழுந்தார். "நீதாம்மா உண்மையான தெய்வம்!" பின்னாலேயே நாலு பேர்.

ஒரு நொடி, அது சுகமாகத்தான் இருந்தது. அந்தச் சுகம்தான் அவளைப் பயமுறுத்தியது. இப்படித்தானே அவரும் ஆரம்பித்திருப்பார்!

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எழுந்திருங்க பெரியப்பா. நான் சொன்னதும் பொய்யா இருக்கலாம். நாளைக்கு நீங்களே ஒரு டப்பா கொண்டுவந்து மூடிப் பாருங்க."